பரவூர், சேந்தமங்கலம் யூத அருங்காட்சியகங்கள்: வெறும் கட்டடத்தைப் பார்க்க அரை நாள் ஒதுக்கலாமா?

நொய்யல்கரை, 3 பிப்ரவரி 2024, காலை 8.15

மாதக் கடைசியில் குடும்பத்துடன் கொச்சி செல்கிறோம். மட்டாஞ்சேரி பரதேசி ஜெபஆலயத்தைப் பார்ப்பது உறுதி. அதற்கு வடக்கே பரவூரிலும் சேந்தமங்கலத்திலும் இருக்கும் பழைய ஜெபஆலயங்களைக் கேரள யூதர்களின் வரலாற்றுக்கான அருங்காட்சியகங்களாக அரசு மாற்றியிருப்பதாகப் படித்தேன். சென்று வந்த உறவினர் ஒருவரோ, "உள்ளே ஒன்றுமே இல்லை, சுவரில் பலகைகள்தான், மட்டாஞ்சேரியைப் பார்த்தால் எல்லாம் பார்த்தது போலத்தான்" என்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லலாம்.

இளவெயில், 3 பிப்ரவரி 2024, பகல் 1.40

உங்கள் உறவினர் சொன்னதில் முதல் பாதி உண்மை. பொருள்களைத் தேடிப் போகிறவருக்குப் பரவூர் ஏமாற்றம்தான். நான் அண்ணனுடன் சென்றிருந்தபோது எங்களுக்கு முன்னால் வந்த சுற்றுலாக் குழு ஒன்று அங்கே ஓடும் காணொளி முடிவதற்குள்ளேயே வெளியேறிவிட்டது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அருங்காட்சியகம் என்ற பலகையைப் பார்த்து உள்ளே வருகிறவர் கண்ணாடிப் பெட்டிகளையும் வெள்ளிப் பாத்திரங்களையும் எதிர்பார்ப்பது இயல்பு.

இரண்டாம் பாதி தவறு. மட்டாஞ்சேரியைப் பார்த்தவர் கேரள யூதர்களில் மிகச் சிறு பகுதியினரின் ஆலயத்தை மட்டுமே பார்த்தவர் ஆகிறார். பரதேசிகள் என்று அழைக்கப்பட்டவர்கள் ஸ்பெயின், போர்த்துக்கல், அலெப்போ, பாக்தாத் முதலிய இடங்களிலிருந்து பதினாறாம் நூற்றாண்டு முதல் வந்து சேர்ந்தவர்கள்; அவர்களுடைய ஆலயம் 1568-இல் எழுந்தது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே இங்கே வேரூன்றியிருந்தவர்கள் மலபார் யூதர்கள். எண்ணிக்கையில் அவர்களே பெரும்பான்மை. மட்டாஞ்சேரியிலும் எறணாகுளத்திலும் இரண்டிரண்டு, பரவூர், சேந்தமங்கலம், மாளா ஆகிய ஊர்களில் ஒவ்வொன்று என ஏழு ஆலயங்கள் அவர்களுக்கு இருந்தன. பரவூரும் சேந்தமங்கலமும் சொல்வது அந்தப் பெரும்பான்மையின் கதையை.

பரவூரில் கட்டடமே காட்சிப்பொருள். 1616-இல் தாவீது கஸ்தீல் முதலியார் என்பவர் தலைமையில் கட்டப்பட்டது. யூதத் தெருவிலிருந்து முதலில் கண்ணில் படுவது ஜெபஆலயம் அன்று. இரண்டடுக்கு ஓட்டுக்கூரையுடைய படிப்புரை வாயில்தான். அதைக் கடந்தால் மதிலுக்குள் ஒரு முற்றம், பருத்த வெண்தூண்கள் தாங்கும் கூரையுள்ள நடைபாதை, அதன் முடிவில் அசாரா எனப்படும் முன்னறை, அதற்கப்பால்தான் தொழுகைக்கூடம். கூடத்தின் நடுவில் தோரா என்ற யூத மறைநூலை வாசிக்கும் மேடை, எருசலேமை நோக்கிய மேற்குச் சுவரில் சுருள்களை வைக்கும் பேழை. தெருவிலிருந்து பேழைவரை நடந்து பார்த்தால், பக்கத்தூர்க் கோயிலின் படிப்புரையையும் திருமுற்றத்தையும் அறிந்த தச்சர்களே இதையும் கட்டினார்கள் என்பது எந்தப் பலகையும் சொல்லாமலே விளங்கிவிடும். வெட்டுக்கல், சுண்ணாம்பு, மரம், ஓடு என்று எல்லாமே அந்த மண்ணின் பொருள்கள்.

மேலே அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு. கூடத்தின் மாடியில், பேழைக்கு எதிர்ப்புறத்தில், இரண்டாவது வாசிப்பு மேடை ஒன்று உண்டு. ஓய்வுநாளிலும் பண்டிகைகளிலும் தோரா அங்கிருந்துதான் வாசிக்கப்பட்டது. அதன் பின்னால் மரக் கிராதிக்கு அப்பால் பெண்கள் அமர்ந்திருந்தார்கள். மாடியில் இரண்டாவது மேடை வைக்கும் இந்த ஏற்பாடு உலகில் வேறெங்கும் யூதர்களிடம் வழக்கமாக இல்லை; கேரளத்துக்கே உரியது. அரை நாளுக்கு இது ஒன்றே போதும் என்பேன்.

இளவெயில், 3 பிப்ரவரி 2024, இரவு 9.05

நடைமுறை விவரங்களையும் சொல்லிவிடுகிறேன். மட்டாஞ்சேரி ஆலயம் சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாள்களிலும் திறக்காது. வெள்ளிக்கிழமை பிற்பகலிலேயே மூடிவிடுவார்கள். பரவூரும் சேந்தமங்கலமும் அரசின் முசிரிஸ் மரபுத் திட்டத்தில் வருகின்றன. அங்கே விடுமுறை திங்கட்கிழமை. பரவூர் எறணாகுளத்திலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர், பேருந்துகள் தாராளம். அங்கிருந்து சேந்தமங்கலத்துக்கு ஆட்டோ போதும். ஜெபஆலயங்களுக்குள் செருப்புடன் போவதில்லை. கேரள யூதர்களே வெறுங்காலுடன்தான் தொழுதார்கள். குழந்தைகளுக்குச் சாப்பாடு பரவூரிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இளவெயில், 4 பிப்ரவரி 2024, காலை 7.30

சேந்தமங்கலத்தைப் பற்றி நேற்று ஒன்றும் சொல்லாமல் விட்டது நியாயம் ஆகாது.

பாலியத்து அச்சன்களின் ஊர் அது. கொச்சி அரசர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக அமைச்சர்களாக இருந்த குடும்பம். கோட்டையில் கோவிலகம் என்ற சிறு குன்றைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கோயில், ஏசு சபையார் நடத்திய குருமடத்தின் எச்சங்களும் தேவாலயமும், மசூதி, ஜெபஆலயம் ஆகிய நான்கும் இருக்கின்றன. சங்கொலி, மணியோசை, பாங்கு, யூதர்களின் கொம்பொலி ஆகிய நான்கும் ஒரே இடத்தில் நின்றால் கேட்கும் என்று அவ்வூரில் பெருமையாகச் சொல்வார்கள். வழிகாட்டிகள் அனைவரும் இதைச் சொல்லாமல் விடமாட்டார்கள்.

ஆலயத்துக்கு முன்னால் ஒரு கல் நிற்கிறது. பெரும்பாலோர் அதைத் தாண்டி நேராக உள்ளே போய்விடுகிறார்கள். அது ஒரு பெண்ணின் கல்லறைக் கல். எபிரேய எழுத்தில் பொறிக்கப்பட்டது. "இஸ்ரவேலின் மகள் சாரா" என்பது மட்டுமே அவரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் செய்தி. ஆண்டு 1581 என்று வெட்டப்பட்டிருக்கிறது. இது கிரேக்க மன்னன் செலூக்கஸ் பெயரால் வழங்கும் தொடராண்டு. பாபிலோனிலும் ஏமனிலும் வாழ்ந்த யூதர்கள் நெடுங்காலம் கையாண்ட கணக்கு. அதிலிருந்து 312-ஐக் கழித்தால் கி.பி. 1269 வரும். இந்தியாவில் கிடைத்திருக்கும் எபிரேயக் கல்வெட்டுகளில் மிகப் பழையது இதுவே. காலையில் சாய்வெயில் விழும்போது சென்றால் எழுத்துகள் எடுப்பாகத் தெரியும். உச்சிவேளையில் வெறும் கல்லாகத்தான் தெரியும்.

அந்த ஆண்டுக் கணக்கே எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது. கொல்லம் ஆண்டும் சக ஆண்டும் வழங்கிய ஒரு கடற்கரையில் இறந்த பெண்ணுக்கு அவளுடைய உறவினர் பாரசீக வளைகுடாப் பக்கத்து நாள்காட்டியில் நாள் குறித்திருக்கிறார்கள். மிளகு வணிகத்தின் கடல்வழியைச் சுவரில் வரைபடமாக மாட்டுவதைவிட இந்தக் கல் தெளிவாகச் சொல்கிறது.

நொய்யல்கரை, 4 பிப்ரவரி 2024, மாலை 6.20

1269 எல்லாம் பிற்காலம் அல்லவா? சாலமோன் அரசர் காலத்திலேயே யூதர்கள் முசிறிக்கு வந்துவிட்டார்கள், கி.பி. 379-இல் சேரமான் அவர்களுக்குச் செப்பேடு கொடுத்துத் தனி அரசே அமைத்துத் தந்தார் என்று ஒரு காணொளியில் பார்த்தேன்.

இளவெயில், 5 பிப்ரவரி 2024, காலை 6.50

அந்தக் காணொளி, சமூகத்தின் நினைவையும் ஆவணத்தையும் ஒன்றாகக் கலந்துவிட்டிருக்கிறது. சாலமோன் காலம், எருசலேம் ஆலயம் கி.பி. 70-இல் இடிக்கப்பட்ட பின் கொடுங்கல்லூரில் வந்து இறங்கியது, 379-இல் செப்பேடு ஆகிய மூன்றும் கொச்சி யூதர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிவந்த மரபுக் கதைகள். மரபுக்கு உரிய மதிப்பு உண்டு. ஆனால் அகநானூறு பாடும் முசிறியில், பொன்னொடு வந்து கறியொடு பெயர்ந்த யவனர் கலங்களில் யூதர் இருந்தனர் என்று நிறுவ உறுதியான சான்று எதுவும் இதுவரை வெளிப்படவில்லை. பரவூருக்கு அருகிலுள்ள பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழாய்வுகள் மத்தியதரைக் கடலோடும் மேற்காசியாவோடும் நடந்த வணிகத்தை உறுதிப்படுத்துகின்றன. எந்த மதத்தவர் வந்தார் என்பதைச் சாடி ஓடு சொல்லாது.

யூதர் ஒருவருக்குக் கொடுக்கப்பட்ட உறுதியான முதல் ஆவணம் அந்தச் செப்பேடுதான். அது பாஸ்கர ரவிவர்மன் என்ற சேரமான் பெருமாள் கொடுத்தது. காலம் ஏறத்தாழ கி.பி. 1000 என்று கல்வெட்டறிஞர்கள் கணித்திருக்கிறார்கள். மூலம் மட்டாஞ்சேரி ஆலயத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. 2017-இல் இந்தியப் பிரதமர் இஸ்ரேல் சென்றபோது இதன் நகலைத்தான் பரிசாக எடுத்துச் சென்றார்.

தமிழ் வாசகர்கள் இதைத் தவறவிடவே கூடாது. எழுத்து வட்டெழுத்து, நடுநடுவே கிரந்தம். வட்டெழுத்துப் பழகியவர் பெரும்பகுதியை எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். "கோகோன்மை கொண்டான்" என்று நம் ஊர்க் கல்வெட்டுகளைப் போலவே தொடங்குகிறது. அரசன் முயிரிக்கோட்டில், அதாவது கொடுங்கல்லூரில், வீற்றிருந்தபோது இசுப்பு இரப்பான் என்பவனுக்கு, அதாவது யோசேப்பு ரப்பானுக்கு, அஞ்சுவண்ணமும் எழுபத்திரண்டு விடுபேறும், அதாவது சிறப்புரிமைகளும், அளித்ததாகச் சொல்கிறது. பகல்விளக்கு, நடக்கப் பாவாடை, அந்தோளகம் என்ற பல்லக்கு, குடை, வடுகப்பறை, காகளம், இடுபடி, தோரணம், தோரணவிதானம் என்று உரிமைகள் வரிசையாக வருகின்றன. உல்கு என்ற சுங்கமும் துலாக்கூலி என்ற எடைக்கூலியும் கட்ட வேண்டாம் என்று வரியும் தள்ளுபடி செய்யப்படுகிறது. வேணாடு, வேணாவலிநாடு, ஏறநாடு, வள்ளுவநாடு, நெடும்புறையூர்நாடு ஆகியவற்றின் தலைவர்கள் சாட்சிகளாக நிற்கிறார்கள்.

இது தனி அரசு அமைத்துத் தந்த ஆவணம் ஆகாது. ஒரு வணிகத் தலைவனை நாட்டுத் தலைவர்களுக்கு இணையான மதிப்பில் வைத்துத் துறைமுகத்தில் நிலைநிறுத்தும் ஏற்பாடு. சுங்கத்தை விட்டுக்கொடுத்தாவது அவனைத் தக்கவைத்துக்கொள்ள அரசனுக்குத் தேவை இருந்திருக்கிறது. அஞ்சுவண்ணம் என்பதும் யூதர்களுக்கு மட்டும் உரிய பெயர் இல்லை. மேற்காசிய வணிகர் குழு அது. கி.பி. 849-ஆம் ஆண்டுக் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலும் அது வருகிறது. அங்கே சாட்சிக் கையொப்பங்கள் அரபியிலும் பாரசீகத்திலும் எபிரேய எழுத்திலும் கலந்திருக்கின்றன. நம் கீழைக் கரையில் தீர்த்தாண்டதானத்துக் கல்வெட்டிலும் அஞ்சுவண்ணம் உண்டு.

இளவெயில், 5 பிப்ரவரி 2024, காலை 7.10

பரவூரின் படிப்புரையைப் பற்றி முதல் குறிப்பில் எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். பட்டியலில் வரும் இடுபடிக்கு வாயிற்கட்டு என்றே பொருள் கொள்கிறார்கள். வீட்டுக்கு முன் வாயில் எழுப்புவதும் குடை பிடிப்பதும் எல்லோருக்கும் அனுமதிக்கப்படாத சமூகத்தில் அவை உரிமைகளாக எழுதித் தரப்பட்டன. 1616-இல் கட்டியவர்கள் செப்பேட்டை மனத்தில் வைத்துத்தான் அவ்வளவு பெரிய வாயிலைக் கட்டினார்கள் என்று நான் வாதிடவில்லை. அக்காலக் கேரளத்தில் அப்படியொரு வாயில் என்ன சொல்லியிருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அதன்கீழ் நுழையுங்கள் என்கிறேன்.

எழுபத்திரண்டு விடுபேறுகளில் நுழைவுச்சீட்டு விலக்கு இல்லை. எனவே சில்லறை எடுத்துக்கொண்டு போகவும்.

இளவெயில், 6 பிப்ரவரி 2024, இரவு 10.30

தனிமடலில் ஒருவர், கஸ்தீல் முதலியார் தொண்டைமண்டலத்தவரா என்று கேட்டிருக்கிறார். இல்லை. கொச்சி அரசர்கள் யூத சமூகத்தின் தலைவருக்கு அளித்த பட்டம் முதலியார். குடும்பமோ ஸ்பானிய வழியில் வந்தது. காஞ்சிபுரத்துக்கும் அவருக்கும் உறவு தேடி யாரும் அலைய வேண்டாம்.

இளவெயில், 8 பிப்ரவரி 2024, பிற்பகல் 3.15

மாடியில் கிராதிக்குப் பின்னால் பெண்கள் அமர்ந்தார்கள் என்று எழுதியதை ஐந்து நாள்களாக மனத்தில் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அப்படி எழுதினால், ஒதுக்கப்பட்டு வாயடைத்திருந்தவர்கள் என்ற எண்ணம் படிப்பவருக்கு வரும். கேரள யூதப் பெண்களைப் பொறுத்தவரை அது முழு உண்மை ஆகாது.

அவர்கள் மலையாளத்தில் பாடினார்கள். கல்யாணங்களிலும் பண்டிகைகளிலும் பாடுவதற்கான பாடல்களைக் கையால் எழுதிய நோட்டுப் புத்தகங்களில் தலைமுறைதோறும் படியெடுத்து வைத்திருந்தார்கள். விவிலியக் கதைகள், மணமகள் வாழ்த்து, ஒவ்வோர் ஊர்ப் பள்ளியும் கட்டப்பட்ட வரலாறு எல்லாம் அவற்றில் உண்டு. பள்ளி என்பதே அவர்கள் தங்கள் ஆலயத்தைச் சொன்ன முறை. ஸ்காரியா ஸக்கரியாவும் பார்பரா ஜான்சனும் வேறு சிலரும் அந்த நோட்டுகளை இஸ்ரேலிலும் கொச்சியிலும் தேடித் தொகுத்ததால்தான் இன்று நமக்கு அவை தெரிய வந்தன. ஆண்கள் எபிரேய வழிபாட்டைக் கட்டிக் காத்தார்கள். சமூகம் இந்த மண்ணில் எப்படி வாழ்ந்தது என்பதைப் பெண்களின் நோட்டுகள் காத்தன.

பரதேசிகள், மலபாரிகள் என்று பிரிந்து ஒருவர் ஆலயத்துக்கு மற்றவர் போகத் தயங்கிய காலத்திலும் பாடல்கள் இரு தரப்புப் பெண்களிடமும் புழங்கின. கிராதி தடுத்ததைவிடப் பாடல் கடந்த தூரம் அதிகம்.

சேந்தமங்கலம் ஆலயம் 2006-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டபோது கேரளத் தொல்லியல் துறையினருடன் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து காட்சியை அமைத்தார்கள். அவ்வூரிலிருந்து புலம்பெயர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணும் அக்குழுவில் இருந்தார். அன்றாட வாழ்க்கையைப் பற்றி அங்கே ஓரளவு நன்றாகச் சொல்லப்பட்டிருப்பதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். திராட்சை விளையாத ஊரில் உலர்திராட்சையை ஊறவைத்துச் சாற்றெடுத்து ஓய்வுநாளுக்கான திராட்சரசம் செய்துகொண்டது போன்ற செய்திகள் மன்னர்களின் பெயர்ப் பட்டியலைவிட என் மனத்தில் தங்கின.

நொய்யல்கரை, 9 பிப்ரவரி 2024, காலை 9.00

நன்றாகத்தான் இருக்கிறது. உலகிலேயே யூதர்கள் துன்புறுத்தப்படாத நாடு இந்தியா என்று பெருமைப்பட இவ்வளவு இருக்கும்போது, பரதேசி, மலபாரி என்ற பிரிவினையை ஏன் கிளற வேண்டும்?

இளவெயில், 9 பிப்ரவரி 2024, இரவு 11.45

அவர்களே நூறாண்டுகளுக்கு முன்பு வெளிப்படையாகப் போராடிய விஷயம் என்பதால் கிளறலாம்.

இந்த நாட்டு அரசர்கள் யூதர்களைத் துன்புறுத்தவில்லை என்பது உண்மை. கொடுங்கல்லூரிலிருந்து துரத்தப்பட்டவர்களுக்குக் கொச்சி அரசர் தம் அரண்மனைச் சுவரை ஒட்டியே இடம் கொடுத்தார். மட்டாஞ்சேரியில் கோயிலும் ஜெபஆலயமும் அடுத்தடுத்து நிற்பதை நீங்களே பார்ப்பீர்கள். 1662-இல் அந்த ஆலயத்தைச் சேதப்படுத்தியவர்கள் போர்த்துக்கீசியர். இவ்வளவையும் பலகைகள் நன்றாகவே சொல்கின்றன.

பலகைகள் விரைந்து கடந்துவிடும் இடம் வேறொன்று. இந்த மண் யூதர்களுக்கு இடம் கொடுத்தது. கூடவே தன் சாதி முறையையும் கொடுத்தது. பரதேசிகள் வெள்ளை யூதர், மலபாரிகள் கறுப்பு யூதர் என்று பிரிந்தார்கள். இரு தரப்புக்கும் இடையே மணவுறவு இல்லை. இவர்களுக்கும் கீழே ஒரு பிரிவு வைக்கப்பட்டது. அடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள், அவர்களின் வழிவந்தவர்கள் என்று கூறப்பட்ட மெஷுக்ராரிம்கள் அவர்கள். பரதேசி ஆலயத்தில் அவர்கள் உள்ளே மற்றவர்களோடு சமமாக அமர முடியாது. அசாராவில் தரையிலோ படியிலோதான் இடம். தோரா வாசிக்க அழைக்கப்படமாட்டார்கள். இறந்த பின் இடுகாட்டிலும் தனியிடம்.

அந்தப் பிரிவில் 1882-இல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். சென்னையில் சட்டம் படித்துவிட்டு எறணாகுளத்தில் வழக்கறிஞராக இருந்தவர்; கொச்சிச் சட்டமன்றத்திலும் பேசியவர்; காங்கிரஸ்காரர். அவர் கையில் எடுத்தது சத்தியாக்கிரகம். ஆலயத்தைப் புறக்கணித்தார், பிறகு பிள்ளைகளுடன் உள்ளே போய் உட்கார்ந்தார். யூத காந்தி என்ற பெயர் அவருக்கு அப்படித்தான் வந்தது. வைக்கம் போராட்டம் நடந்த அதே நிலப்பரப்பு, ஏறக்குறைய அதே காலம். கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ஆயினும் அவர் மகனும் பரதேசிக் குடும்பத்துப் பெண் ஒருவரும் காதலித்தபோது, கொச்சியில் மணம்செய்துகொள்ள முடியாமல் பம்பாய்க்குப் போக வேண்டியிருந்தது. இன்று மட்டாஞ்சேரியில் யூதத் தெருவை ஒட்டிய சாலை அவர் பெயரில் இருக்கிறது. நினைவுப்பொருள் கடைகளில் பேரம் பேசுகிறவர்கள் பெயர்ப்பலகையைப் படிப்பதில்லை.

நான்கு வழிபாட்டிடங்களின் ஓசையும் ஒன்றாகக் கேட்கும் ஊர் என்று பெருமைப்படும் அருங்காட்சியகம், ஒரே ஆலயத்துக்குள் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதையும் அதே அளவு எழுத்தில் சொல்ல வேண்டும். என் குறை இதுதான். காலி அறைகளைப் பற்றி எனக்குக் குறையில்லை.

இளவெயில், 10 பிப்ரவரி 2024, காலை 8.20

காலி அறைகள் என்று நேற்று முடித்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். பொருள்கள் ஏன் இல்லை என்பதற்கு விடை, மனிதர்கள் ஏன் இல்லை என்பதில் இருக்கிறது.

இஸ்ரேல் உருவான காலத்தில் கேரளத்தில் ஏறத்தாழ 2,400 யூதர்கள் இருந்தார்கள். மலபார் யூதர்கள் கிட்டத்தட்ட ஒட்டுமொத்தமாகக் கிளம்பினார்கள்; பெரும் பயணம் 1954, 1955 ஆண்டுகளில் நடந்தது. அதற்கு முன்பே சொத்துகளை விற்றுவிட்டுக் காத்திருந்தவர்கள் உண்டு. யானைக்கால் நோயைக் கொண்டுவந்துவிடுவார்கள் என்று இஸ்ரேல் சுகாதாரத் துறையினர் அஞ்சியதால் பயணம் தள்ளிப்போனது. போய்ச் சேர்ந்தவர்களை நெகேவ் பாலைவனத்து நெவாத்திம், எருசலேம் மலைப்பக்கத்து மெசிலாத் சியோன் போன்ற வேளாண் குடியிருப்புகளில் அமர்த்தினார்கள். மிளகும் மீனும் முட்டையும் விற்றுவந்த காயலோரக் குடும்பங்கள் மணலில் பூச்செடி வளர்க்கக் கற்றன. பின்னர் நெவாத்திமின் பூக்கள் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாயின. அங்கே கொச்சிப் பாணியில் ஒரு ஜெபஆலயமும் மரபு மையமும் இருக்கின்றன. எனவே இந்தச் சமூகத்துக்கு இரண்டு நாடுகளில் அருங்காட்சியகங்கள்: ஒன்றில் கட்டடம் உண்டு, ஆள் இல்லை; மற்றதில் ஆள் உண்டு, காயல் இல்லை.

விட்டுச்சென்ற ஆலயங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதி. மட்டாஞ்சேரியில் மலபார் யூதர்களுக்கு இருந்த கடவும்பாகம் ஆலயத்தின் உட்புற மர வேலைப்பாடுகள் பிரித்தெடுக்கப்பட்டு எருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் மீண்டும் பொருத்தப்பட்டுள்ளன. அங்கே போகிறவர் கொச்சி ஜெபஆலயத்தின் உள்ளே நிற்கலாம். இங்கே மிஞ்சிய வெறும் சுவர்கள் கிடங்காகப் பயன்பட்டு, 2019-ஆம் ஆண்டு மழையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தன. மாளா ஆலயத்தை 1955-இல் புறப்படும்போது ஊராட்சியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். எறணாகுளத்தில் அதே கடவும்பாகம் என்ற பெயருள்ள ஆலயத்துக்குப் போக, சந்தைத் தெருவில் தொட்டிச் செடிகளையும் வண்ண மீன் தொட்டிகளையும் கடந்து நுழைய வேண்டும். கடையை நடத்தியவரே ஆலயத்தையும் காத்துவந்தார். பொன்மீன்கள் நீந்தும் கண்ணாடித் தொட்டிகளின் வரிசைக்குப் பின்னால் ஒரு கதவு. அதைத் திறந்தால் மேடையும் பேழையும் மாடியும். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. சட்டமிட்ட தகவல் பலகை ஒன்றுகூட அங்கே இல்லை. கேட்டால் ஆள் பதில் சொன்னார்.

பரவூரின் மூலப் பேழையும் இஸ்ரேலில்தான் இருக்கிறது. நீங்கள் பரவூரில் பார்க்கப் போவது மறுஆக்கம்.

நொய்யல்கரை, 27 பிப்ரவரி 2024, இரவு 8.40

போய் வந்தோம். பரவூர் படிப்புரையைப் பார்த்து மனைவி, "இது எங்கள் பாலக்காட்டு வீட்டு வாசல்" என்றாள். சாரா கல்லைக் காலையிலேயே பார்த்தோம். ஆனால் பரவூர்ப் பேழை புதிதாக வண்ணம் பூசியது போல் பளபளக்கிறது. பழமை உணர்வே வரவில்லை. நகல் வைத்ததற்கு அந்த இடத்தை வெறுமனே விட்டிருக்கலாமே?

இளவெயில், 28 பிப்ரவரி 2024, காலை 7.00

இதில் என் கருத்து ஓரிடத்தில் நிற்காமல் ஊசலாடுகிறது. முதலில் பார்த்தபோது எனக்கும் உறுத்தியது. வெற்றுச் சுவரே நேர்மையானது என்று அண்ணனிடம் வாதிட்டேன். அவர் தச்சுவேலை அறிந்தவர். பேழையின் அடுக்குகளையும் கொடிப்பின்னல் செதுக்கலையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதைச் செய்தவன் மூலத்தைத் தொட்டுப் பார்த்தவன் கையிடம் கற்றிருக்க வேண்டும், இன்றைக்கும் இந்த வேலை தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்பதை வெற்றுச் சுவர் சொல்லாது" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. மேலும், சிவப்பும் பச்சையும் பொன்வண்ணமும் அந்த ஆலயங்களுக்குப் புதியவை அல்ல. ஓய்வுநாளில் எண்ணெய் விளக்குகளின் வெளிச்சத்தில் மின்னுவதற்காகப் பூசப்பட்ட வண்ணங்கள் அவை. பழையது மங்கலாகத்தான் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நம் பழக்கம்.

ஆனாலும் நகல் என்பதை எட்டி நின்று படிக்கக்கூடிய எழுத்தில் எழுதி, மூலம் எங்கே இருக்கிறது, எப்போது போனது, யார் கொடுத்தார்கள் என்பதையும் பேழைக்குப் பக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்கே நான் எழுதியிருக்காவிட்டால் அது நகல் என்று தெரிந்திருக்குமா?

இளவெயில், 28 பிப்ரவரி 2024, காலை 7.25

இன்னொன்று. செப்பேட்டின் முழு வாசகத்தையும் இன்றைய மலையாள எழுத்திலும் தமிழ் எழுத்திலும் பெயர்த்து, ஆள் உயரத்துக்குப் பரவூர் முன்னறையில் வைக்கலாம். செலவு அதிகம் ஆகாது. பாலக்காட்டுக்காரரும் கோயம்புத்தூர்க்காரரும் அகராதி இல்லாமலே பாதியைப் படித்துவிடுவார்கள். திட்ட அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன்; கையெழுத்திட விரும்புகிறவர்கள் தனிமடலில் தெரிவிக்கவும். மெஷுக்ராரிம் பற்றிய பலகையையும் அதே விண்ணப்பத்தில் கேட்டிருக்கிறேன். நொய்யல்கரை அன்பர் அதற்கும் சேர்த்துக் கையெழுத்திடுவாரா என்பது தெரிய வேண்டும்.

நொய்யல்கரை, 28 பிப்ரவரி 2024, காலை 9.10

செப்பேட்டுக்கு இப்போதே. மற்றதை, வாசகம் என்ன என்று பார்த்துவிட்டு.